பதினான்காம் தூண்

சாவி என்னிடம்தான் இருக்கிறது.
இரண்டு சாவிகளும்.
ஒன்று கைப்பையில், மற்றது
அரிசி டின்னுக்கு மேலே ஆணியில்.
மோட்டார்தான் இல்லை.

செந்தூல் அடுக்குமாடி, சி கட்டடம்,
பதினான்காம் தூண்.
அறுத்த சங்கிலியை மடித்து
ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தான்,
யாருக்கும் தடுக்கக் கூடாதென்பதுபோல.
நடுவில் எண்ணெய்க் கறை,
நாய்க்குட்டி சுருண்டு படுத்த அளவுக்கு.
ஒன்பது வருடம் சொட்டியது.
ஒர்க்‌ஷாப் லியோங் மாற்று மாற்று என்று
சொல்லிக்கொண்டே இருந்தான் கேஸ்கெட்டை.
மாற்றியிருந்தால்
அது நின்ற இடமே தெரியாமல் போயிருக்கும்.

போலீஸ் நிலையத்தில் இரண்டு விரலால் தட்டினார்.
நிறம்?
கறுப்பு. இடது மூடி மட்டும் நீலம்,
கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சாயம் என்றேன்.
கறுப்பு என்று தட்டினார்.

கணேந்திரன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.
"இன்னிக்கு மோட்டார். நாளைக்கு கதவு."
அதற்குமேல் பேச்சில்லை.
பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்
கிரில்லை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.
அப்புறம் இன்னொரு முறை.

எனக்கும் கண் கெட்டுப்போனது.
லிஃப்டில் நாலாம் மாடி தீபன்,
பிறந்த வாரம் நான் குளிப்பாட்டிய பிள்ளை,
விரலெல்லாம் கறுப்பு மசகு.
எங்கே பட்டது என்று கேட்டுவிட்டேன்.
"சைக்கிள் செயின், ஆன்ட்டி."
எட்டாம் மாடி வரும்வரை
எண் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரவாங் போய்ப் பார்த்தோம்.
தடுப்புக் கம்பி. காவலர்
ஐசி வாங்கி எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.
புல்லெல்லாம் ஒரே உயரம்.
எந்த வாசலிலும் ஒரு செருப்பு இல்லை.
வினோஷா மாடியில் நின்று ஹலோ என்றாள்,
வீடு மட்டும் பதில் சொன்னது.
பத்து வருடத்தில் ஒரு திருட்டுகூட இல்லை
என்றார் ஏஜெண்ட்.
பஸ் எத்தனை மணிக்கு என்றேன்.
அவர் ஏர்கானைக் காட்டினார்.
திருடன் வராத இடத்துக்கு
பஸ்ஸும் வராது போல.
பெரியாஸ்பத்திரியில் ஆறு மணி ஷிப்டுக்கு
அங்கிருந்தென்றால் மூன்றரைக்கு எழ வேண்டும்,
அவன் எழுகிற நேரத்துக்கு.

தண்ணி பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
மூன்று மாத வாடகை முன்பணம், லோரி, பள்ளி மாற்றம்,
புது மோட்டார் ஒன்று, பழைய மோட்டார் போனதால்.
கூட்டியதும் கணேந்திரன் பேனாவை மூடினார்.
போகலாம் என்றுதான் இன்னமும் சொன்னார்.

புதன்கிழமை படிக்கட்டில்
மூன்றாம் மாடி ரொஹானி மக்சிக் கையைப் பிடித்தார்.
அன்றைக்கு நாலு மணிக்குக் கேட்டதாம்.
மூன்று உதை, ஓர் இருமல், அப்புறம் ஓட்டம்.
"உன் மோட்டார்தானே,
இன்றைக்குச் சீக்கிரமே வேலை போல என்று
புரண்டு படுத்துவிட்டேன்."
சொல்லிவிட்டு அழுதார்.
ஒன்பது வருடமாக ஒருத்தி
இருட்டில் என் உதைகளை எண்ணியிருக்கிறாள்.
கோபப்படலாமா என்று யோசித்தேன்.
அவர் பையில் இருந்த கங்கோங் கீரையில் பாதியை
என் பையில் திணித்துவிட்டுப் போனார்.

முன்பணம் வெள்ளிக்குள் என்றிருந்தார் ஏஜெண்ட்.
வெள்ளி வந்தது.
கணேந்திரன் என் முகத்தைப் பார்த்தார்.
நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த வெள்ளி என்று செய்தி அனுப்பினார்.

இன்று விடிகாலை ஐந்தேகால்.
தம்பியிடம் இரவல் வாங்கிய மோட்டார்,
கறைக்கு மேலேயே நிறுத்தியிருந்தேன்.
இரண்டு சங்கிலி.
உதை வேண்டாம், பொத்தான் போதும்.
வேறு சத்தம்; வேறு யாரோ போகிற மாதிரி.

மூன்றாம் மாடி விளக்கு எரிந்தது.
ஜன்னல் சர்ரென்று இழுபட்டது.
"சியாப்பா இத்து?"
கட்டடமே எழும்புகிற குரல்.
கையில் ஓங்கியிருந்தது
அகப்பையா, துடைப்பமா, தெரியவில்லை.

முடுக்கை விட்டேன்.
தலைக்கவசத்தைக் கழற்றி
அண்ணாந்து
முகத்தைக் காட்டினேன்.