பத்துக் குப்பி

நெற்றி விளக்கின் வெளிச்சம் மரத்தில்,
கால் இருட்டில்.
நாற்பத்தொன்றாம் ரப்பரில் கத்தி வைத்தபோது
கணுக்காலில் முள் என்றுதான் நினைத்தேன்.
முள் சீறாது.

குலசேகரத்திலிருந்து பைக்கில், முன்னே ஞானசிகாமணி,
பின்னே என்னைப் பிடித்தபடி அவர் தங்கை.
ஆசாரிப்பள்ளம் சேரும்போது
ஈறெல்லாம் உப்புக் கரித்தது.

கண்ணாடிக் குழாயில் என் இரத்தத்தை எடுத்து
மேசையில் வைத்தார்கள். இருபது நிமிடம்
யாரும் தொடக்கூடாது.
இந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும்.
தட்டில் பால் ஊற்றி, ஆசிட் கலக்கி,
உறைந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்பவள் நான்.
நர்ஸ் குழாயைச் சாய்த்தாள்.
தண்ணீராய் ஓடியது.
"அணலிதான்."

பத்துக் குப்பி வெள்ளைத் தூள்.
கரைத்து, சொட்டுச் சொட்டாக.
"இது என்ன மருந்து, மக்கா?"
"குதிரை, லில்லிபுஷ்பம் அக்கா.
அதுக்கு கொஞ்சங்கொஞ்சமா வெசம் ஏத்துவாவ.
சாவாம படிச்சுக்கிடும்.
படிச்சத ரெத்தத்திலேர்ந்து எடுப்பாவ."

எங்கள் பக்கம் குதிரை கிடையாது.
குருசடியில் யாகப்பர் ஏறியிருக்கிற
சிமெண்ட் குதிரை ஒன்று உண்டு,
ஒரு காது உடைந்தது.

சொட்டு எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
கழுத்தில் எந்த இடத்தில் குத்துவார்கள்?
குத்துகிறவனுக்கு ஆழம் தெரியுமா?
நாள் விட்டு நாள் ஓய்வு உண்டா?
மழைக்கு விடுவார்களா?

மத்தியானம் கழிந்து மறுபடி சாய்த்தார்கள்.
நகரவில்லை. நல்ல ஷீட் மாதிரி
கட்டியாய் நின்றது.

ஒன்பதாம் நாள் வீட்டில்
உடம்பெங்கும் தடிப்பு, முட்டியில் வலி.
டாக்டர் சிரித்தார்:
"உள்ள வந்தது வேற ஆளுன்னு
ஒங்க ஒடம்பு இப்பதான் கண்டுபிடிச்சிருக்கு."
"இன்னொருக்க கடிச்சா?"
"மறுபடியும் குப்பிதான். குதிரை உங்களுக்குச் சொல்லித் தரல்ல,
தனக்குத் தெரிஞ்சத செலவழிச்சிட்டுப் போயிட்டு."

வெட்கமாயிருந்தது.
உயிரைத் தூக்கி வந்து தந்தவனை
யாரென்று கேட்டுத் தடித்த தோல் இது.
என்றாலும் சொறிந்தேன், அரித்ததே.

நேற்றிலிருந்து திரும்ப வெட்டு.
முழங்கால் வரை பூட்ஸ், ஞானசிகாமணியுடையது,
நடந்தால் சளக் சளக்கென்று கேட்கும்.
நாற்பத்தொன்றாம் மரத்தில்
கத்தியை ஒரு நூல் மேலோட்டமாய் இழுத்தேன்.
சிரட்டையில் கொஞ்சம் குறையும்.
முதலாளி கேட்டால்
மரத்துக்குச் சுகமில்லை என்று சொல்லலாம்.