கழித்த கல்

ஞாயிறு மாலை மூன்று நிமிடம்.
சாட்டிலைட் வழியே வரும் குரல்
நான் பேசி முடித்து வெகுநேரம் கழித்துச் சிரிக்கும்.

வேடியப்பன், ஜெனரேட்டர் மெக்கானிக்,
கல்யாணமாகி மூன்றாம் மாதம் கப்பலேறியவன்.
சாப்பாடு, சம்பளம் இரண்டையும்
முதல் வாரங்களிலேயே பேசித் தீர்த்துவிட்டோம்.
பிறகு வளைகுடாவைச் சொல்லத் தொடங்கினான்.

"வாய் வடக்கே திறந்திருக்கு.
நாங்க இருக்கிறது கீழுதட்டுல."

பர்கூர் யார்டில்
ஏற்றுமதிக்கு நின்ற ஏழடிக் கல்லின் முதுகில்
அளவுச் சாக்பீஸால் வரைந்தேன்.
ஒரு சாண், ஒரு கிலோமீட்டர்.

மேற்கே பனியாறு, கடலுக்குள் நாக்கை நீட்டியபடி.
கிழக்கே ஆறு தீவு, ஒன்றிலும் மரமில்லை.
நடுவே தரைதட்டி
நாலு வருஷமாய் நகராத பனிமலைகள்:
"ஐகுந்தம் போற வழியில குண்டுக்கல்லு நிக்குமே,
அப்படி. ஆனா நீலம்."

உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கே நிற்குமாம்.
ஜூனில் அதுவும் இல்லை.
அந்த மாதம் கல்லில் எதையும் சேர்க்கவில்லை.

அகலம் கேட்டேன்.
"கேஆர்பி அணையைப் பத்து தடவை போடு."
போட்டேன்.
பக்கத்துக் கல்லுக்குத் தாவியது கடல்.

பனி மூடாத இடத்தில் பாறை,
கறுப்பு, பழுப்பு, நடுநடுவே சிவப்புப் புள்ளி.
"சத்தியமா நம்மூர்க் கல்லுதான்டி.
ஜியாலஜிக்காரரும் அதையே சொல்றாரு,
ஒரு காலத்துல ஒட்டி இருந்துச்சாம்."
எப்போது பிரிந்தது என்று கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.

செப்டம்பரில் விரிசலைச் சொன்னான்.
கரையோடு ஒட்டிய பனி அசையாது.
கடல்மேல் கிடப்பது ஏறும், இறங்கும்.
இரண்டுக்கும் இடையே ஒரு கோடு,
எத்தனை குளிரிலும் முழுசாய் மூடாது.
சீல் அதன் வழியேதான் மூச்சுக்கு வரும்.
"ராத்திரி முனகும். எங்க போடுவ அதை?"

தெரியவில்லை. விட்டுவைத்தேன்.

புதன்கிழமை பையர் வந்தார்.
வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.
பனியாறு போயிற்று, ஆறு தீவும் போயிற்று.
கல் காயக் காய
ஒரே ஒரு மயிர்க்கோடு மட்டும்
ஈரம் பிடித்து நின்றது,
தென்மேற்கு மூலையிலிருந்து, கரையோரமாகவே.

மேஸ்திரி நாராயணப்பா பையரைப் பார்க்கவில்லை.
சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி.
கிரேன் தூக்கி வேலியோரம் போட்டது.

இனி அந்தக் கல்லை யாரும் கேட்க மாட்டார்கள்.
சாப்பாட்டு மணி அடித்ததும் போய்
அந்தக் கோட்டிலிருந்து மறுபடி வரைகிறேன்.
அவன் இருக்கும் இடம் என்று வைத்துக்கொண்ட
பெருக்கல் குறி
கொஞ்சம் கடலுக்குள் விழுந்திருக்கிறது.
பரவாயில்லை,
கிணற்றில் குதித்து வளர்ந்தவன்தான்.