ஓடு

கணக்குப் புத்தகத்தை வெளியே எடுக்கக் கூடாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.
ஜெலுத்தோங் சாலை முழுக்க மழை.

போன நவம்பரில் இதே அறையில்
கீபோர்டுக்கும் கூரைக்கும் மூண்ட சண்டை
ஈஸ்டருக்கு முன்பே
மூன்று தடவை உயிர்த்தெழுந்தது.
எண்களைப் பற்றிப் பேசினோம் என்கிறது குறிப்பேடு.
அன்று யாரும் எண்களைப் பற்றிப் பேசவில்லை.
பதினெட்டாயிரம் ரிங்கிட் என்று ஒருவர் சொன்னால்
என்னையும் எண்ணினீர்களா என்று பொருள்.

அதனால் இம்முறை முன்னதாகவே போதகரிடம் கேட்டேன்:
பட்ஜெட்டுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கொடுங்கள்,
பணம் என்ற சொல் நுழையாத சனிக்கிழமை.
போதகர் மனுவேல் சிரித்தார்.
"பொருளாளர் கேட்கிற வரமாம்மா இது?"

மூப்பர் தேவகடாட்சத்தின் சட்டைப்பையில்
கூரையின் அளவுகள் நான்காக மடித்து.
ரோசலின் கைபேசியில் கீபோர்டின் படம்.
வாலிபர் சங்கத்து ஈத்தன்
செருப்பைக் கழற்றும்போதே வேன் என்றான்.
கமலபாய் எதுவும் கேட்கவில்லை,
மீஹூன் பொட்டலங்களைப் பிரித்து வைத்தார்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒரே கேள்வி:
இந்த வருடம் நம் வாசல்வரை வந்து
உள்ளே வராமல் போனது யார்?

மின்விசிறி மட்டும் வெகுநேரம் பேசியது.

தேவகடாட்சம் வாசித்தார்:
நீலச் சட்டைப் பையன்கள்.
இரவு ஷிப்ட் முடிந்து, குளித்து,
பாயான் லெப்பாசிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள்.
வந்து சேரும்போது ஆசீர்வாதம் கூறி முடித்திருப்போம்.

ரோசலின்: கடைசிப் பாட்டை வெளியே நின்று பாடுகிறவர்கள்.
ஒருவனுக்கு நல்ல அடிக்குரல். பெயர் கேட்டதில்லை.

ஈத்தன், குரல் தாழ்த்தி: அதே ஆள்கள்தான்.
சாத்தூர் பக்கம் என்றார்கள்.

கமலபாய்: மிஞ்சின வாரம் சாப்பாடு கொடுத்தேன்.
மிஞ்சாத வாரம்
அடுப்படிக் கதவைச் சாத்தினேன்.

அப்பாதுரை சாலமன் தாளைத் திருப்பிக் காட்டினார், வெறுமை.
"நான் முன்வரிசையில் உட்காருகிறவன்.
எனக்கு யாரும் தெரியவில்லை.
பொய் எழுதவும் மனம் வரவில்லை."

ஒரு வாக்கியம் எழுதலாம் என்றார் போதகர்,
வருடம் முழுக்க நாம் திரும்பிப் பார்க்க ஒரே ஒரு வாக்கியம்.
*தாமதமாய் வருகிறவர்களுக்கும் இது சபை.*
அந்த 'உம்' வேண்டாம் என்றார் அப்பாதுரை.
'உம்' போட்டால் அவர்கள் ஒட்டு, நாம் உடல்.
எடுத்தால் நேரத்துக்கு வருகிறவன் எங்கே போவான், இது ஈத்தன்.
தாமதம் யாருடைய கடிகாரத்தில், இது ரோசலின்.
நாற்பது நிமிடம் ஓர் இடைச்சொல்லுக்காக.
பதினெட்டாயிரத்துக்குக்கூட இவ்வளவு கவனமாய்
நாங்கள் சண்டை போட்டதில்லை.

தட்டுகளை அடுக்கிக்கொண்டே கமலபாய் சொன்னார்:
"'அவர்களுக்கு' எதற்கு?
'அவர்களோடு' என்று எழுதுங்கள்.
'க்கு' வேண்டாம். ஓடு போதும்."

ஓடு என்றதும்
தேவகடாட்சத்தின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.
யார் முதலில் சிரித்தார்களோ,
அப்பாதுரைக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

*அவர்களோடு ஆராதிப்போம்.*
எழுதினோம். ஏழு கையெழுத்து.
எத்தனை மணிக்கு என்று முடிவாகவில்லை.
பத்தரை என்றால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று
அப்பாதுரை படியில் இறங்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.
கூரைக்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.
வரும் சனிக்கிழமை எண்கள் வரும், குரல்கள் உயரும்,
எனக்குத் தெரியாதா.

கணவர் கார் கொண்டுவரும்வரை
அந்தப் பையன்கள் நிற்கிற இடத்தில் நின்றேன்,
தகரம் கிழிந்த மூலைக்குக் கீழே.
சுவரோடு ஒட்டி நின்றாலும் இடது தோள் நனைகிறது.
பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.
எட்டு அடித் தகரம், இரண்டு ஆள் கூலி என்று
மனசு கணக்குப் போடத் தொடங்கியது.

போடட்டும் என்று விட்டுவிட்டேன்.