ஃப்ரிட்ஜுக்குள் சாவி

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
கோகிலாம்பாள் வீட்டுச் சமையலறை.
ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு
என் கார் சாவியை உள்ளே,
அவளுடைய இன்சுலின் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
"பைத்தியமா?" என்றாள்.
அதைத் திரும்ப ஓடவிடாமல்
நான் வீடு போக முடியாது, அதற்குத்தான்.
ஒலிப்பதிவுக்காரர்கள் ஞாபகத்தை நம்புவதில்லை.

சுவர்க்கடிகாரத்தின் பாட்டரி என் சட்டைப்பையில்.
குழாய் வாயில் துணி சுற்றி
நுனியைத் தொட்டிக்குள் இறக்கினேன்,
சொட்டுவது சத்தமின்றி வழியட்டும் என்று.
மைனாக்களை ஒன்றும் செய்ய முடியாது.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையையும்.

காட்சி முடிந்தது. கதாநாயகி அழுதாயிற்று, ஒன்பது முறை.
"யாரும் நகராதீர்கள். அறையை எடுக்கவேண்டும்."
ஒரு நிமிடம்.
வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே
வெட்டிய இடத்தில் வெறுமையை வைத்தால்
காது கண்டுபிடித்துவிடும்.
இந்த அறையின் சும்மாவை எடுத்துத்தான்
அங்கே ஒட்டவேண்டும்.

இருபத்திரண்டு பேர் நின்றார்கள்.
சிபுசிசோ மைக் கம்பை உயர்த்தியபடி, தோள் நடுங்க.
மேக்கப் பெண்ணின் வயிறு ஒருமுறை இரைந்தது.
கோகிலாம்பாள் கதவில் சாய்ந்து
தன் சமையலறையில் ஒன்றும் செய்யாமல் இருந்தாள்.
வெளியே ஏதோ மேகம் போயிருக்கவேண்டும்:
ஆஸ்பெஸ்டாஸ் கூரை நெட்டி முறித்தது.
டக்.
கொஞ்சம் பொறுத்து, டக் டக்.
ஹெட்போன் மாட்டிய எனக்கு மட்டும்தான் கேட்டது
என்று நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து
சமையலறைக் காட்சியைத் தூக்கிவிட்டார்கள். நீளமாம்.
இயக்குநர் திரேஷ் மன்னிப்புச் சொல்லி
இரண்டு டிக்கெட் அனுப்பினான்.
ஒன்றில் அவள் வந்தாள்.
மற்றதில் அவள் கைப்பை உட்கார்ந்தது.

திரையில் பிணவறை.
உண்மையில் அது துறைமுகத்துப் பழைய கிடங்கு,
எடுத்த அன்று கிரேன் இரைச்சல், ஒரு சத்தமும் தேறவில்லை.
நர்ஸின் நடை நான் போட்டது:
என் அக்காவின் குதிகால் செருப்பைக் கைகளில் மாட்டிக்கொண்டு
உடைந்த ஓட்டின்மேல் நடந்தேன்.
போர்வை விலகுவது ஒரு பழைய மழைக்கோட்டு.
எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிசாக,
யாருக்கும் தெரியாத ஒரு மௌனம்.

கோகிலாம்பாள் என் முழங்கையைப் பிடித்தாள்.
"என் கூரை."
நான் பேசவில்லை.
"மூன்றரை மணி. வெயில் தணிந்தால் இப்படித்தான்."

திரையில் யாரோ யாருடைய முகத்தையோ மூடினார்கள்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்,
அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல.

வெளியே வந்ததும் கேட்டாள்:
"வீட்டுக்கு வாடகை தந்தீர்கள், சரி.
அதைப் பிணத்துக்குப் பக்கத்தில் வைக்க
யாரைக் கேட்டீர்கள்?"

பைக்குள் கார் சாவியைத் தேடினேன்.
அது கையிலேயே இருந்தது, சூடாக.