நாலு கட்டம்

இரண்டாம் ஆண்டு வகுப்பில், மதியச் சோற்றுக்குப் பிறகு
ஆளுக்கொரு தாள் வந்தது.
நீங்கள் எப்படிக் கற்கிறீர்கள்?
பார்த்து. கேட்டு. படித்து. செய்து.
ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்யவும்.
காட்பாடி வெயில் ஜன்னல் வரை வந்து
உள்ளே வர யோசித்துக்கொண்டிருந்தது.

எப்சிபா யோசிக்கவே இல்லை. கேட்டு.
குளியலறையில் பக்கெட் நிரம்பும் சத்தத்துக்கு மேலே
பன்னிரண்டு மண்டை நரம்புகளையும்
ஜெபம் மாதிரி ஒப்பிப்பவள்.
ஏழாவது வரும்போது தண்ணீர் நின்றுவிடும்,
எங்கள் விடுதிக் குழாய்க்கு அவ்வளவுதான் தெம்பு.
எட்டிலிருந்து இன்றைக்கும் அவளுக்குத் தடுமாற்றம்.

நூர்ஜபீன் தன் கையிலேயே
நீலப் பேனாவால் ரத்தக்குழாய் வரைவாள்.
வாணியம்பாடி பஸ்ஸில் ஒரு அம்மா
மருதாணி ஏன் சிவக்கலை என்றாளாம்.

குணவதி ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகி
எங்களுக்கும் உரித்துத் தருவாள்,
சப்பென்று, தண்ணீர் ஏற்றிய சுளைகள்.

நான் பேனா மூடியைக் கடித்தபடி
மே மாதத்து எட்டாம் வார்டுக்குப் போய்விட்டேன்.

பேரணாம்பட்டு தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர்.
மூன்று நாளாக வயிற்றுப்போக்கு.
சுண்ணாம்புத் தொட்டியில் வருஷக்கணக்காக முங்கிய கை,
அவர் தோலும் பாதி பதப்பட்டிருந்தது.
புத்தகத்தில் நீலமாக ஓடியது
அந்தக் கையில் எங்குமே இல்லை.
முதல் குத்து, ஒன்றுமில்லை.
இரண்டாவது, புடைத்துக்கொண்டது.
மனைவி முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டாள்.
இரண்டுக்கு மேல் நீ குத்தக் கூடாது, விதி.
டியூட்டி சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.
கரண்டும் போயிற்று.

இருட்டில், செய்ய ஒன்றுமில்லாமல்,
விரலை மட்டும் அவர் முழங்கை மடிப்பில் வைத்திருந்தேன்.
அவர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.
எவ்வளவு நேரமோ.
காய்ந்த பாலாற்றில் மணலைத் தோண்டிக்கொண்டே போகையில்
விரல்நுனிக்குச் சட்டென்று குளிருமே,
அதுமாதிரி, அடியில்,
மெத்தென்று ஏதோ விரலைத் திருப்பித் தள்ளியது.

சிஸ்டர் டார்ச்சோடு வந்தார்.
'இங்க இருக்கு சிஸ்டர்.'
விரலை எடுத்த இடத்தில் குத்தினார்.
ஒரே குத்து. ரத்தம் எட்டிப் பார்த்தது.
என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பார்க்கவில்லை. யாரும் சொல்லிக் கேட்கவில்லை.
படித்த பக்கத்தில் இல்லை.
செய்தது நானும் இல்லை.

தாளை வாங்க பக்கத்து பெஞ்சு வரை வந்துவிட்டார்கள்.
எப்சிபாவின் தாளை எட்டிப் பார்த்து
'கேட்டு' என்று போட்டுக் கொடுத்தேன்.