மறுநாள், எட்டரை மணி ஷிப்ட்

நேற்று விடியுமுன்னே கல்லறைத் தோட்டத்தில்
மெழுகுவர்த்தி பிடித்து நின்றோம்.
நொய்யல் பக்கமிருந்து வந்த காற்று
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனது.
பக்கத்துத் திரியில் பற்றவைத்துப் பற்றவைத்துப் பாடினோம்,
சாவைப் பார்த்து போடா என்கிற மாதிரி ஒரு பாட்டு.
இஸ்ரவேலின் பெயர்மேல் சொட்டி உறைந்த மெழுகை
நகத்தால் சுரண்டிவிட்டு
பஸ் ஏறினேன்.

இன்று திங்கள்.
எட்டு இருபத்தெட்டுக்கு விரல் வைக்கிறேன்.
ரேகை தேய்ந்த விரல். மெஷின் நம்பவில்லை.
மூன்றாவது தடவை நம்புகிறது.

செக்கிங் மேசை, டியூப்லைட்.
பதினான்கு வருசமாக என் வேலை ஓட்டை தேடுவது.
பனியனுக்குள் கையை விட்டு விரிப்பேன்,
ஊசி ஓட்டை, நூல் விட்டது, எண்ணெய்க் கறை.
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினால்
அது செகண்ட்ஸ்.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போகும்.

புதைத்த இடத்திலிருந்து எழுந்தவர்
ஓட்டைகளோடுதான் வந்தார்.
கையில் இரண்டு, காலில் இரண்டு,
விலாவில் பெரிதாக ஒன்று.
எழ முடிந்தவருக்குத் தைத்துக்கொள்ளவா தெரியாது?
எங்கள் கம்பெனியில் பாஸ் ஆகமாட்டார்.
தோமா விரல் நீட்டிய இடத்தில்
நான் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

அதை நினைத்தால் கை கொஞ்சம் மெதுவாகிறது.
ஓட்டையை இல்லை என்று விடமுடியாது, அது பொய்.
ஆனால் தைத்தவளை
"நாப்பத்தேழு!" என்று கத்தாமல்
"சுசந்தி, இங்க வா கண்ணு" என்று கூப்பிட முடிகிறது.
ஒடிசாப் பெண். வந்து ஏழு மாதம்.
பெயர் கேட்டதும் அவள் திரும்பிய வேகம்!
தோட்டக்காரன் என்று நினைத்து
அழுதுகொண்டு நின்றவளும்
பெயரைக் கேட்டுத்தான் திரும்பினாள்.

பதினொன்றுக்கு டீ.
பின்பக்கம் எமர்ஜென்சி கதவு.
மேலே பச்சை விளக்கில் ஓடுகிற மனிதன்,
கீழே ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள்,
பெல்ஜியம் போகிற சரக்கு.
இஸ்ரவேல் இறந்தது இங்கே இல்லை.
வேறு கம்பெனி, வேறு கதவு.
அதற்குமேல் சொல்ல வரவில்லை எனக்கு.

அந்த அதிகாலையில் போன பெண்களும்
வழியெல்லாம் இதைத்தான் பேசினார்கள்,
கல்லை யார் தள்ளுவது என்று.
பதில் இல்லாமலே நடந்தார்கள் பாருங்கள், அதுதான்.
அவர்கள் போனபோது கல் நகர்ந்திருந்தது.
பெட்டி ஒன்றும் நகர்ந்திருக்கவில்லை.
டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

முதல் பெட்டி கனம். இரண்டாவதும்தான்.
மூன்றாவதுக்கு சுசந்தி மறுபக்கம் பிடித்தாள்.
சூப்பர்வைசர் சென்னியப்பன் வந்தார்.
"ஏனுங்க்கா, இன்னிக்கி ஆடிட்டுங்களா? எனக்குச் சொல்லவே இல்ல?"
வெளிநாட்டுக்காரர் வரும் நாளில் மட்டும்
அந்தக் கதவுக்கு விடுதலை.

நேற்றுச் சாவையே மிரட்டிய வாய்
உலர்ந்து ஒட்டிக்கொண்டது.
வாடகை, மகனின் பாலிடெக்னிக் பீஸ்,
சனிக்கிழமைச் சம்பளக் கவர்,
எல்லாம் வரிசையில் வந்து நின்றன.
"ஆடிட்டு இல்லீங்க. வழி வேணுமுங்க."
எனக்கே கேட்கவில்லை.
இன்னொருதரம் சொன்னேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்.
"பெல்லடிக்கறதுக்குள்ள முடிச்சுப் போடுங்க."
நாளை மறுபடி அடுக்குவார்கள். தெரியும்.
நாளைக்கும் டீ டைம் உண்டு.

தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது.
தையல் மெஷின் எண்ணெய் விட்டு
இருவரும் சேர்ந்து இழுத்தோம்.
வெளியே காம்பவுண்டுச் சுவர், சாக்கடை,
கண் கூசும் பங்குனி வெயில்.
வெள்ளுடை தரித்தவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.
வேஸ்ட் துணி மூட்டைமேல் படுத்திருந்த நாய்
எழுந்து, சோம்பல் முறித்து,
எங்களுக்கு வழி விட்டது.