பதினைந்து நாள் ஆரஞ்சு

குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன்
தொட்டியை மட்டும் சிறைவாசலில் விட்டுப் போனான்.
நவம்பர் பதினான்கு, மாலை நாலரை.
சுப்பீரியர் ஏரிமேல் அப்போதே இருட்டு.

லைல் பெரால்ட், வயது முப்பத்தொன்று,
இடது புருவத்தில் வெட்டு,
கடைசியாகப் பார்த்தபோது ஆரஞ்சு உடுப்பில்...
ரேடியோ இதைச் சொன்னதும்
என் கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.
நானும்தான்.

விடிந்தால் மான் பருவம்.
இந்த மாவட்டத்தில் நடக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர்
ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி,
தோளில் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருப்பார்கள்.
நான் மான் இல்லை, சுடாதே என்று
மரத்துக்கு மரம் சொல்லும் நிறம் அது.
சட்டம் போட்டு உடுத்தச் சொன்னதும்
சட்டம் பிடித்து உடுத்திவிட்டதும்
ஒரே சாயத்தொட்டியில் முக்கியவை.

ஷெரிஃப் ஹால்வர்சன் ஹெலிகாப்டர் வரவழைத்தார்.
மேலிருந்து பார்த்த பையன் சொன்னானாம்:
'இருக்கிறான் சார். நானூறு இடத்தில் இருக்கிறான்.'
மோப்ப நாய்கள் மூன்று.
முதல் நாளே மூன்றும்
யாரோ அறுத்துப்போட்ட மான்குடலருகே உட்கார்ந்துவிட்டன,
இழுத்தும் வரவில்லை.
சாலைத் தடுப்பில் டிக்கி டிக்கியாகத் திறந்தார்கள்.
ரத்தம், உரோமம்,
கண் மூடாத மான்.
பூட்டிக் கிடந்த கேபினில் ஜன்னல் உடைந்து
பீன்ஸ் டப்பா இரண்டு காணோம்,
கம்பளிக் காலுறை ஒன்று காணோம்.
ஒற்றைக் காலுறை.

என் வேலை எடை போடுவது.
தொங்கவிட்டு, பல் பார்த்து வயது குறித்து,
காதில் சீட்டுக் கட்டுவேன்.
காப்பி இலவசம்.

ஆறாம் நாள் அந்தியில்
டெட்ராய்ட்காரர் இருவர் எட்டுக்கிளைக் கொம்பன் ஒன்றை
இழுத்து வந்தார்கள்.
பின்னங்காலைப் பிடித்திருந்தவன் அவர்களோடு கிளம்பியவனில்லை,
வழியில் கைகொடுத்தவனாம்.
அவன் சட்டையில் தையலெல்லாம் வெளியே,
பை உள்ளே.
முதுகு நடுவே, துணிக்கு அந்தப்பக்கமிருந்து,
எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன,
ஈரத்தில்.

படிக்கத் தெரியாதவள்போலக்
கோப்பையை நீட்டினேன்.
இரண்டு கையாலும் வாங்கினான்.
விரல்நுனிகள் மெழுகு வெள்ளை.
சர்க்கரை நாலு கரண்டி.
'நன்றி மேடம்.'
என்னை யாரும் மேடம் என்பதில்லை.

ஃபோன் கல்லாவுக்கு மேலே, கைக்கெட்டும் உயரம்.
பக்கத்தில் அவன் படம்,
கீழே இரண்டாயிரம் டாலர்.
கதவு சாத்தும் ஓசை கேட்டபின்
எடுத்தேன்.
வைத்தேன்.

இதைச் சொன்னால் ஓனியையும் சொல்லவேண்டும்.
ஓனி லாக்சோனென், படகுக் கொட்டகைக் காவல்.
லைல் அதற்குத் தீவைத்த இரவில்
உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்.
ஆள் இருந்தது தெரியாது என்றான் கோர்ட்டில்.
தெரியாமலே இருந்திருக்கலாம்.
ஓனி இப்போது இடக்கையால் கரண்டி பிடிக்கிறார்.
வெள்ளிக்கிழமை என் கடையில் மீன் சூப்,
ஒழுகுவதைத் துடைக்கக் காகிதம் எடுத்துத் தருவேன்.
அந்த வெள்ளியும் தந்தேன்.
'பிடிச்சுட்டாங்களா?'
'இன்னும் இல்லை.'
பொய்யில்லை.
அதனால்தான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது,
அதனால்தான் அன்று மூன்று முறை
ஒரே மேசையைத் துடைத்தேன்.

முப்பதாம் தேதியோடு பருவம் முடிந்தது.
இரவெல்லாம் பனி.
டிசம்பர் ஒன்று காலையில்
எல்லாரும் ஆரஞ்சைக் கழற்றி
ஆணியில் மாட்டிவிட்டு
வேலைக்குப் போனார்கள்.

ஹெலிகாப்டர் இருபது நிமிடம்கூடச் சுற்றவில்லை.
அத்தனை வெள்ளையில்
ஒரே ஒரு பொறி.

ஓடவில்லையாம்.
நின்ற இடத்தில் நின்று
சட்டையைக் கழற்றப் பார்த்தானாம்.
பொத்தான்கள் உள்பக்கம்.
விரல்கள் மடங்கவில்லையாம்.